பழைய சிவிக்கில் புதிய எஞ்சின்

ஒரு பழைய சிறிய காரின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றிவிட்டு, பிற்காலத்தில் வந்த ஆற்றல் மிக்க ஒன்றைப் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு என்றாலும், 1990களில் ஹோண்டா நிறுவனத்தின் சிவிக் காரைச் சுற்றி அது ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்தது. சிவிக்கைவிட வேகமான கார்கள் அக்காலத்தில் எத்தனையோ இருந்தும் அமெரிக்காவின் கலிபோர்னியா இளைஞர்கள் இதையே தேர்ந்தெடுத்ததற்கு விலைமலிவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஹோண்டாவின் பொறியாளர்கள் ஒரு தலைமுறைக் காருக்கும் அடுத்த தலைமுறைக் காருக்கும் இடையே அளவுகளையும் இணைப்புகளையும் பெரிதும் கலைக்காமல் வைத்திருந்தது.

1992 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்கப்பட்ட சிவிக்கின் மிக எளிய வகை 70 குதிரைத்திறன் மட்டுமே கொண்ட ஒன்றரை லிட்டர் எஞ்சினுடன் வந்தது. அதே உடலின் ஆற்றல் மிக்க வகையை ஜப்பானில் வாங்கியவருக்கோ, பி16ஏ என்று பெயரிடப்பட்ட, 1,595 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் அதன் இருமடங்குக்கும் மேற்பட்ட ஆற்றலும் கொண்ட எஞ்சின் கிடைத்தது. 1989ஆம் ஆண்டு ஹோண்டாவின் இன்டெக்ரா காரில் அறிமுகமான இந்த எஞ்சினின் சிறப்பு வீடெக் என்னும் அமைப்பு. எஞ்சினுக்குள் காற்றையும் எரிபொருளையும் விடுகிற, எரிந்த புகையை வெளியேற்றுகிற வால்வுகளைத் தள்ளித் திறப்பது கேம் எனப்படும் முட்டைவடிவப் புடைப்புகள். சாதாரண எஞ்சினில் இப்புடைப்பின் வடிவம் ஒன்றே என்பதால், மெதுவாக ஓடும்போது சிக்கனமாக இருப்பது வேகத்தில் மூச்சுத் திணறும், வேகத்தில் சிறப்பது மெதுவில் தடுமாறும். வீடெக் எஞ்சினில் இரண்டு வகைப் புடைப்புகள் உள்ளன; சுழற்சி குறிப்பிட்ட அளவைக் கடந்ததும் எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ளி, வால்வுகளை உயரமான புடைப்பின் ஆளுகைக்கு மாற்றிவிடுகிறது. நெரிசலில் அடக்கமாக ஊர்ந்த கார், நெடுஞ்சாலையில் குரலே மாறிப் பாய்வதன் இரகசியம் இதுவே.

ஜப்பானில் பழைய கார்களை வைத்திருப்பது செலவு மிகுந்த காரியமாகையால், நல்ல நிலையில் இருந்த கார்கள்கூட விரைவில் கழிக்கப்பட்டு, முன்பாதி மட்டும் வெட்டப்பட்டு, எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்த ஒரே துண்டாகக் கப்பலேறின. பணிமனைகளில் 'ஹாஃப் கட்' என்று வழங்கப்படும் இத்துண்டை வாங்கியவருக்கு மாற்றுவதற்குத் தேவையான சில்லறை உதிரிகள் அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். தனி எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கிவிட்டு, பிறகு அச்சுத்தண்டுக்கும் சென்சாருக்கும் காயலான் கடை காயலான் கடையாக அலைவதைவிட இது இறுதியில் செலவு குறைந்த வழி.

பி16ஏ அடங்கிய பி வகை எஞ்சினை 1992இல் தொடங்கிய தலைமுறைச் சிவிக்கில் ஏற்றுவது ஒப்பளவில் எளிது. எஞ்சினை உடலோடு பிணைத்து அதன் அதிர்வை உறிஞ்சும் மவுண்டுகள் எனப்படும் ரப்பர் தாங்கிகளைத் தொழிற்சாலையே அந்த உடலுக்காகச் செய்திருந்தது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டுகளும் இன்டெக்ராவிலிருந்து அப்படியே வந்து சேர்ந்தன. எஞ்சினுக்கு எப்போது, எவ்வளவு எரிபொருள் என்று கணக்கிடும் ஈ.சி.யூ. என்னும் கணினியை மாற்றி, வீடெக்குக்கு உரிய சில கம்பிகளைக் கூடுதலாக இழுத்தால் போதும். முந்தைய தலைமுறையில், அதாவது 1988 முதல் 1991 வரையிலான சிவிக்கில், ஒரு முடிச்சு விழுகிறது. அதில் கிளட்சை இயக்குவது எஃகுக் கம்பி. பிற்காலக் கியர்பாக்ஸில் அவ்வேலையைச் செய்வது குழாயில் அடைக்கப்பட்ட திரவத்தின் அழுத்தம். ஆகவே ஒன்று கம்பி கிளட்ச் உள்ள பழைய கியர்பாக்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது கம்பியின் இழுப்பைத் திரவக் கியர்பாக்ஸுக்கு ஏற்ப மாற்றித் தரும் இணைப்பு ஒன்றைப் பொருத்த வேண்டும்.

எஞ்சினைப் பற்றிய பேச்சில் கியர்பாக்ஸ் பெரும்பாலும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது, அது நியாயமன்று. எஞ்சின் எத்தனை முறை சுழன்றால் சக்கரம் ஒருமுறை சுழலும் என்பதைத் தீர்மானிப்பவை அந்தந்தக் கியரின் விகிதமும், எல்லாக் கியர்களுக்கும் பொதுவாகக் கடைசியில் நிற்கும் இறுதி விகிதமும் ஆகும். பி16ஏ எஞ்சினோடு வரும் கியர்பாக்ஸில் ஐந்தாம் கியர் 0.848, இறுதி விகிதம் 4.40, இரண்டையும் பெருக்கினால் 3.73 வருகிறது. பதினைந்து அங்குல வட்டில் வழக்கமான டயர் பூட்டிய காரில் இதன் பொருள், மணிக்கு 100 கிலோமீட்டரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,400 முறை சுழன்றுகொண்டே இருக்கும் என்பது. தாவிப் புறப்படுவதற்கு இது உகந்தது. சென்னையிலிருந்து மதுரைக்கு நிகரான தூரத்தை ஒரே மூச்சில் ஓட்டுபவருக்கு ஓயாத இரைச்சலும் கூடுதல் பெட்ரோல் செலவுமே மிஞ்சும். தானியங்கிக் கியருள்ள காரைக் கைக்கியருக்கு மாற்றுபவரோ கிளட்ச் பெடலில் தொடங்கி, கியர்க்கோல், பார்க்கிலோ நியூட்ரலிலோ மட்டுமே கார் கிளம்ப விடும் சுவிட்ச் வரை ஒவ்வொன்றையும் தனித்தனியே தீர்க்க வேண்டியிருக்கும்.

தலைமுறைகளுக்கு இடையே அளவுகளும் இணைப்புகளும் பொருந்திவந்த தொடர்ச்சி அறுந்தது 2001இல், ஹோண்டா கே வகை எஞ்சினைக் கொண்டுவந்தபோது. பழைய ஹோண்டா எஞ்சின்கள் பிற நிறுவனங்களின் எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. கே வகை உலக வழக்குக்கு மாறியது. இதன் விளைவாகக் கியர்பாக்ஸ் காரின் மறுபக்கத்துக்குச் சென்றது. முன்னால் இருந்த புகைக்குழாய் பின்னாலும், பின்னால் இருந்த காற்றுவழி முன்னாலும் இடம் மாறின. கியரை மாற்ற இரும்புக் கோலுக்குப் பதில் கேபிள்கள் வந்தன. எனவே 1995ஆம் ஆண்டு சிவிக்கின் பானட்டுக்குள் கே வகையை உட்கார வைப்பவர், தாங்கிகள், அச்சுத்தண்டுகள், புகைக்குழாய், கியர் கேபிள் என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும் அல்லது இதற்கென்றே தயாரிக்கப்படும் தொகுப்புகளை வாங்க வேண்டும். இத்தனை தொல்லைக்குப் பின்னும் மக்கள் இதை நாடுவதற்குக் காரணம் எளியது: 2,354 கன சென்டிமீட்டர் கொண்ட கே24 எஞ்சின் அக்கார்டு போன்ற குடும்பக் கார்களில் பெருவாரியாக விற்றதால் பழைய சந்தையில் மலிவு, அதோடு அதே குடும்பத்து ஆறு கியர் பாக்ஸும் சேர்கிறது.

இயந்திரப் பொருத்தத்தைவிடப் பின்னாளில் கடினமாகிப்போனது மின்னணுப் பொருத்தம். 1990களின் எஞ்சின் தன் காரைப் பற்றி அதிகம் அறிந்திருக்கவில்லை. பிந்தைய ஆண்டுகளின் எஞ்சினோ சாவிக்குள் இருக்கும் சில்லு உண்மையானதா என்று கேட்கிறது, மிதியை அழுத்துவதை மின்குறிப்பாக எதிர்பார்க்கிறது, அது கிடைக்காவிட்டால் கிளம்ப மறுக்கிறது. தொழிற்சாலைக் கணினியை நீக்கிவிட்டு, விரும்பியபடி நிரல் எழுதிக்கொள்ளக்கூடிய தனிக் கணினியை வைப்பது வழக்கமான தீர்வு. எஞ்சினுக்குக் கொடுத்த விலை அளவுக்கு அதற்கும் கொடுக்க நேர்வதுண்டு.

ஆற்றல் இருமடங்கான பின்பும் நிறுத்தும் திறனைப் பழையபடியே விட்டுவைப்பது இத்துறையின் மன்னிக்க முடியாத அசட்டை. எளிய சிவிக்கின் முன்சக்கர பிரேக் வட்டு 240 மில்லிமீட்டர். இன்டெக்ராவின் 262 மில்லிமீட்டர் வட்டும் அதற்குரிய பிடிகளும் பெரிய மாற்றமின்றிப் பொருந்துவதால், எஞ்சினோடு அவற்றையும் வாங்கிவிடுவதே முறை. ஹோண்டாவின் மற்றொரு காரான பிரெலூடின் 2.2 லிட்டர் எஞ்சினை ஏற்றியவர்கள் முன்பக்க எடை கூடி, வளைவில் கார் திரும்ப மறுப்பதையும் கண்டார்கள்.

இந்தியாவில் இத்தகைய வேலையைத் தொழிற்சாலைகளே செய்திருப்பது சுவையான செய்தி. 1985இல் வந்த பிரீமியர் 118என்.ஈ., இத்தாலிய ஃபியட் 124இன் உடலில் ஜப்பானிய நிசான் எஞ்சினைக் கொண்டது. 1950களின் உடலைக் கொண்ட அம்பாசடருக்கு 1990களின் தொடக்கத்தில் இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சினும் ஐந்து கியர் பாக்ஸும் கிடைத்தன. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் 2000 மட்டும் தலைகீழாக நடந்தது: நவீன ரோவர் உடலுக்குள் பழைய ஸ்டாண்டர்ட் வான்கார்டு காரின் வழிவந்த எஞ்சினை வைத்தார்கள், கார் விலைபோகவில்லை.

நிறுவனம் செய்தால் அது புதிய மாடல். உரிமையாளர் செய்தால் சட்டத்தின் கண்ணுக்கு மாற்றம். கலிபோர்னியாவில் ஏற்றப்படும் எஞ்சின் காரின் ஆண்டுக்குச் சமமானதாகவோ பிந்தையதாகவோ இருக்க வேண்டும், அந்த எஞ்சினுக்குரிய மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன்வர வேண்டும். அரசு நியமித்த நடுவர் பரிசோதித்து ஒட்டுச்சீட்டு தருகிறார். பழையதைவிடத் தூய்மையாக எரிக்கும் எஞ்சினை ஏற்பதில் அங்கே தடையில்லை என்பது இவ்விதியின் நல்ல பக்கம். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே நிறுவனத்தின் அதே வகை எஞ்சினை அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம், சி.என்.ஜி. போன்ற வேறு எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் மாறுவதற்கு விதிகளுக்கு உட்பட்டு வழியுண்டு. சென்னையின் புதுப்பேட்டை உதிரிச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய வேறொரு காரின் எஞ்சினை ஏற்றியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இத்தகைய வழி இல்லை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இழப்பீட்டை மறுக்க அதையே காரணமாகக் காட்டலாம்.