இறந்தபின் ஒரு கியூ வரிசை

ஷெஹான் கருணாதிலக எழுதி, 2022இல் புக்கர் பரிசு பெற்ற 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா' என்ற ஆங்கில நாவலை இன்று எடுத்துக்கொள்வோம், நேயர்களே. பரிசு பெற்ற நூலைப் பாராட்டுவது எளிது. ஆனால் பதுளையில் இதைப் படித்த என் இலக்கிய நண்பர்கள் இரு கூறாகப் பிரிந்து நிற்கிறார்கள். அதற்கான காரணத்தைச் சற்றே ஆராயலாம்.

கதை 1990ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. யுத்தப் புகைப்படக்காரன் மாலி கண்விழிக்கும்போதே இறந்துபோயிருக்கிறான். கொன்றவர் யாரென்று அவனுக்கே தெரியாது. ஏழு நிலவுகளுக்குள், அதாவது ஏழு இரவுகளுக்குள், அவன் 'ஒளி'யை அடைய வேண்டும். அதற்குள், கட்டிலுக்கடியில் ஒளித்துவைத்த படங்களை நண்பர்கள் கண்டெடுக்கச் செய்யவும் வேண்டும். 1983 இனக்கலவரத்தின் சாட்சியமும் அப்படங்களில் உண்டு.

நண்பர்களின் முறைப்பாடுகள் மூன்று. கதை முழுவதும் 'நீ' என்று முன்னிலையில் சொல்லப்படுவது களைப்பூட்டுகிறதாம். பேய்களும் அரசியற் பெயர்களும் அளவுக்கு மீறிவிட்டனவாம். பிணங்களின் நடுவே நகைச்சுவை எதற்கு என்றும் கேட்கிறார்கள். இரண்டாவது முறைப்பாட்டில் நியாயமுண்டு. 2020இல் 'சாட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் இந்தியாவில் வெளிவந்த இந்நூல், வெளிநாட்டு வாசகருக்கும் விளங்கும்படி திருத்தி எழுதப்பட்ட பின்னரே இங்கிலாந்தில் வெளியானது. ஆனால், உடலை இழந்தவனுக்கு எஞ்சுவது தன்னோடு தான் பேசும் குரல் மட்டுமே. அதற்கு 'நீ' என்ற விளிப்பு பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன்.

மறுபக்கத்தில், ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்கு இந்நாவல் புதுமையாகவே படவில்லை. இதில் வரும் மறுவுலகம் ஓர் அரசாங்கக் கந்தோர். கவுண்டர்கள், கியூ, கூச்சல், பதில் சொல்லாத உத்தியோகத்தர்கள். தம் தகப்பனார் பிரஜாவுரிமைப் பத்திரத்துக்காக நின்ற வரிசையே இது என்றார் அவர்.

அவர் சொன்னதில் உண்மையிருக்கிறது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றிருந்த 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர். இலங்கைக்கு 3 இலட்சம். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள். அவர்களையும் பாதி பாதியாகப் பிரிக்க 1974 ஆயிற்று. நாடற்ற நிலைக்குச் சட்டம் முடிவுகட்டியதோ 2003இல். மாலி அலையும் இடத்துக்கு நாவலாசிரியர் வைத்த பெயர் 'இடைப்பட்ட இடம்'. ஊவாத் தோட்ட லயங்களில் அப்படியோர் இடத்தில் உயிரோடு வாழ்ந்தவர்கள் இருந்தார்கள்.

பரிசேற்புரையில், ஒருநாள் இந்நூல் புத்தகக் கடைகளின் கற்பனைக் கதை அடுக்கில் வைக்கப்பட வேண்டும் என்ற ஆசையை ஆசிரியர் வெளியிட்டார். நல்ல ஆசைதான். பாதியில் மூடிவைத்த நண்பர்கள் அந்தக் கந்தோர்க் காட்சிகளையாவது மறுபடி படிக்க வேண்டும். அங்கே நிற்பவர்களில் நம் வீட்டுப் பெரியவர்களையும் அவர்கள் காணக்கூடும்.