பழகுவதற்குப் பழையது போதுமா?

பிள்ளையைப் பள்ளியில் விட, கடைகண்ணிக்குப் போய்வர ஸ்கூட்டர் ஓட்டப் பழகும் கள்ளக்குறிச்சிச் சகோதரிகளுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் யோசனை, "பழகறதுக்குத்தானே, பழசே போதும்!" என்பதுதான். இதில் பாதி சரி, பாதி தவறு.

வண்டி பழையதாக இருக்கலாம். கீழே விழுந்து கீறினாலும் மனசு பதறாது. வாங்குமுன் தெரிந்த மெக்கானிக்கிடம் பிரேக்கையும் டயரையும் காட்டுங்கள். ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ் இரண்டையும் சரிபாருங்கள்.

ஆனால் ஹெல்மெட்? "கொழுந்தனாரோடது பரண்மேல சும்மாத்தானே கிடக்கு" என்று எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அதன் உள்ளே இருப்பது தெர்மோகோல் மெத்தை. தலைக்கு வரும் அடியைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழும்பாது. வெளி ஓடோ பளபளப்பாகவே இருக்கலாம். தவிர, அளவு சேராமல் தொளதொளவென்று இருந்தால் விழும்போது கழன்றுவிடும்.

புதிதாக, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதாக வாங்குங்கள். 2021 ஜூன் முதல் முத்திரையில்லாததை விற்கவே கூடாது என்பது சட்டம். 9 மாதம் முதல் 4 வயதுவரை உள்ள குழந்தையைப் பின்னால் ஏற்றினால் அதற்கும் ஹெல்மெட் வேண்டும்; உங்களோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. இது 2023 பிப்ரவரி முதல் உள்ள விதி.

பழகுவது மைதானத்தில் இருக்கட்டும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையெல்லாம் கை நன்றாகப் படிந்த பிறகுதான். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்புக் குறையும்.

சிக்கனத்தை வண்டியில் காட்டுங்கள், தலையில் வேண்டாம்!