அலமாரிக்குள் கசியும் நீர்

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கிற, தாமிரபரணி நீரை நெடுந்தூரம் குழாய் வழியே வரவழைத்துத் தாகம் தீர்த்துக்கொள்கிற விருதுநகர்ப் பிரதேசத்தில், சூலக்கரை போன்ற ஊர்களின் வீடுகளில் அரும்பாடுபட்டு மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி வைத்த நீர், சமையலறைச் சிங்க்கின் அடியில் ஒருவர் கண்ணிலும் படாமல் சொட்டிச் சொட்டி வீணாகுமாயின், அதை அற்ப விஷயமென்று தள்ள மனம் ஒப்புவதில்லை. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. 20 சொட்டுக்கு 1 மில்லிலிட்டர் என்று கொண்டால் 4 லிட்டருக்கு மேலாகிறது. நான்கே நாளில் ஒரு குடம் போய்விடும்.

முற்காலத்து அடுக்களைகளில் மூலையில் ஓர் அங்கணம் இருந்தது. பாத்திரம் கழுவிய நீர் கண்ணெதிரே ஓடிக் கொல்லை வாழைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒழுகுகிறதா என்று தேடவேண்டிய பிரமேயமே இல்லை. இப்போதோ மேடையும் எஃகுத் தொட்டியும் வந்து, அவற்றின் குழாய்களை மறைக்கக் கதவு போட்ட அலமாரியும் வந்துவிட்டபடியால், பலகை உப்பி, கேஸ் சிலிண்டரின் அடிவளையம் துருவேறி, கரப்பான் குடிபுகுந்த பிறகே கசிவு நமக்குப் புலனாகிறது. அழகை உத்தேசித்துச் செய்த மறைப்பே இந்த நஷ்டத்துக்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். அந்த அலமாரியில் சாமான்களை அடைத்து வைக்காமலிருப்பதே முதல் தற்காப்பு.

சிங்க்கின் அடியில் இருவகை நீர் உண்டு. மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஆங்கிள் வால்வு வழியாகவும் கனெக்ஷன் பைப் வழியாகவும் ஏறி வரும் நீர், குழாயை மூடியிருந்தாலும் இரவு பகலாக அழுத்தத்தோடு நிற்பது. கழிவு நீரோ நாம் விடும்போது மட்டும் ஓடுவது. எது கசிகிறதென்று நிச்சயிக்க, எல்லாவற்றையும் பழந்துணியால் ஈரமறத் துடைத்துவிட்டு, அடியில் செய்தித்தாளை விரித்து, அரைமணி நேரம் சிங்க்கைத் தொடாமல் இருக்கவேண்டும். தாள் நனைந்தால் குற்றம் வரும் நீரில். நனையாவிட்டால், சிங்க்கின் வாயை அடைத்து அதை நிரப்பிப் பாருங்கள்: நிரம்பி நிற்கும்போதே சொட்டினால் சிங்க்கும் கழிவுக் குழாயும் சேரும் கப்ளிங்கின் வாஷர் கெட்டிருக்கிறது, திறந்துவிட்ட பின் சொட்டினால் அதற்குக் கீழேயுள்ள இணைப்புகளில் ஒன்று. நீர் குழாயின் மேலேயே வழிந்து வேறிடத்தில் சொட்டும் சுபாவமுள்ளதாகையால், சொட்டுமிடத்தை நம்பாமல், உலர்ந்த விரலால் மேலிருந்து கீழாகத் தடவி வரவேண்டும். குழாயின் வளைவில் தங்கியிருக்கும் நீரைக் கண்டு மிரள வேண்டாம். சாக்கடை நாற்றத்தைத் தடுக்கும் பொருட்டு நிற்கும் நீர் அது. லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-இல் இத்தகைய வளைவைக் கழிப்பறைக்கு அமைத்துக் காப்புரிமை பெற்றார். சிங்க்கின் வளைவைக் கழற்றுமுன் கீழே ஒரு வாளி வைப்பது அவசியம்.

பட்டாசு ஆலைகளில் மணல் வாளியும் நீர்த்தொட்டியும் விபத்துக்கு முன்பே தயாராக நிற்பதைக் கண்டு பழகிய இந்தப் பக்கத்து மக்களுக்கு முன்யோசனையைப் புதிதாகப் போதிக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை ஆங்கிள் வால்வை மூடித் திறந்து பார்த்தால் போதும். போர்க்கிணற்று உப்பு நீர் புழங்கும் வீடுகளில், தொடாமல் விட்ட வால்வு உப்புப் படிந்து இறுகி, ஆபத்து வேளையில் அசைய மறுக்கும். அப்போது அதைப் பலவந்தமாகத் திருகி உடைப்பதைவிட, மாடித் தொட்டியின் கேட் வால்வை அடைப்பதே விவேகம். அது எங்கே இருக்கிறதென்று வீட்டிலுள்ள பெரியவர், பிள்ளைகள் யாவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். தண்ணீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் மின்னிணைப்பு அவ்விடத்தில் இருந்தால், ஈரத்தில் கை வைக்குமுன் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள்.

கழிவுக் குழாயின் பிளாஸ்டிக் நட்டுகளைக் கையால் இறுக்கினாலே போதும். ஸ்பேனர் போட்டால் விரிசல் விடும். டெஃப்லான் டேப் வால்வின் மரைக்கு உரியது, மரை சுற்றும் திசையிலேயே அதைச் சுற்றவேண்டும். வாஷர் அடைக்கவேண்டிய இடத்தில் அதற்கு வேலையில்லை. பசை போட்டு ஒட்டிய இணைப்பு விட்டுப்போனால் மேலே பூசி மெழுகாமல் பிளம்பரை அழைத்து வெட்டி மாற்றச் சொல்லவேண்டும். வாஷர் மட்டுமே கெட்டிருந்தால், கழற்றிய பழையதைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போங்கள். 32 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று அளவுகள் வேறுபடுவதால், வெறும் வாய்ச்சொல்லை நம்பி வாங்கியது பொருந்தாமல் போகக்கூடும்.