பெற்றோர்ச் சொற்களும் சொத்துறவும்

ஆங்கிலத்தில் பெற்றோரைக் குறிக்கும் ‘பேரன்ட்’ என்னும் சொல், ‘ஈனுதல்’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையின் அடியாகப் பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாக வந்ததாகும். ஈனுதலில் இருவரும் பங்காளிகள். ஆயின், தந்தை, தாய் என்பவற்றுக்குரிய இலத்தீன் சொற்களிலிருந்து தோன்றிய இணைச்சொற்களை நோக்குவோம். ‘பற்றிமொனி’ தந்தைவழிச் சொத்தைச் சுட்டும். ‘மற்றிமொனி’ திருமணத்தைச் சுட்டும். விகுதி ஒன்றே, பொருளோ வேறு. ஆணுக்கு உடைமை, பெண்ணுக்கு மணவாழ்வு என வகுத்த உரோம சமூகத்தின் முத்திரையை இங்குக் காண்கிறோம்.

பிள்ளைகளையன்றி அரசுக்கு அளிக்க ஏதுமற்ற வறியோரை உரோமர், ‘சந்ததி’ எனப் பொருள்படும் ‘புரோலெஸ்’ என்பதன் அடியாகப் பெயரிட்டனர். 19ஆம் நூற்றாண்டில் அப்பெயரே பாட்டாளி வர்க்கத்துக்குரியதாயிற்று. உடையோரின் தந்தைமை சொத்தாலும், இல்லோரின் பெற்றோர்மை உழைக்கும் பிள்ளைகளாலும் அளக்கப்பட்டன. எனவே, சொல்லின் வரலாறு சமூக உறவுகளின் வரலாற்றிலிருந்து பிரிக்கற்பாலதன்று என்பதே நாம் வலியுறுத்துவதாகும்.