ஒரு டிஸ்க் போட்டேன், ட்ரைவ் கட்சி மாறிடுச்சு

இந்த வாரம் ஒரு சொந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என்கிட்ட கம்ப்யூட்டர்ல மாட்டுற பழைய ப்ளூ-ரே ட்ரைவ் ஒண்ணு இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. கூடவே ஒரு பழைய பிளேயர் மென்பொருள், பன்னிரண்டு டிஸ்க். ஒரு வருஷத்துக்கு மேல எந்தத் தகராறும் இல்லாம ஓடிட்டு இருந்துச்சு. ஒரு சனிக்கிழமை ஃப்ரெண்ட் ஒருத்தன் புதுசா வந்த டிஸ்க்கைக் கொண்டுவந்தான். போட்டோம். பிளேயரை அப்டேட் பண்ணச் சொல்லி மெசேஜ் வந்துச்சு, படம் ஓடல. சரி, புது டிஸ்க், பழைய பிளேயர், ஒத்துக்கல போலன்னு அதை எடுத்துட்டு என்னோட பழைய டிஸ்க்கைப் போட்டேன். அதுவும் ஓடல. முந்தின நாள் ராத்திரி ஓடின டிஸ்க்!

பிளேயரை அழிச்சுட்டுத் திரும்பப் போட்டேன். விண்டோஸையே புதுசா போட்டேன். ட்ரைவைக் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, அதே பிளேயரைப் போட்டுப் பார்த்தேன். அதே மெசேஜ். அப்டேட் பண்ணலாம்னா, அந்த வெர்ஷனை அதோட கம்பெனி கைவிட்டுப் பல வருஷம் ஆச்சு. ஃப்ரெண்டோ "டேய், நான் ஒண்ணுமே பண்ணலடா"ங்கிறான். உண்மைதான், அவன் பண்ணல. அவன் கொண்டுவந்த டிஸ்க் பண்ணிச்சு.

என்ன பண்ணிச்சுன்னு புரியணும்னா டிவிடி காலத்துக்குப் போகணும். டிவிடிக்கு இருந்த பூட்டுக்குப் பேரு சிஎஸ்எஸ். வெறும் 40 பிட் சாவி. ஒவ்வொரு பிளேயர் கம்பெனிக்கும் ஒரு சாவி கொடுத்திருந்தாங்க. 1999 அக்டோபர்ல டிசிஎஸ்எஸ்ங்கிற சின்ன ப்ரோகிராம் வெளியே வந்தது. ஷிங்னு ஒரு பிளேயர் தன் சாவியைச் சரியா மறைக்காம விட்டிருந்தது, அங்கிருந்து எடுத்துட்டாங்க. பூட்டே பலவீனம்கிறதால மத்த சாவிகளையும் கணக்குப் போட்டே கண்டுபிடிச்சாங்க. அப்போ 15 வயசுப் பையனா இருந்த யான் லெக் யொஹான்சன் மேல நார்வேயில பின்னாடி கேஸ் போட்டாங்க. 2003-ல ரெண்டு நீதிமன்றங்களும் அவரை விடுவிச்சது. டிவிடி பூட்டு அதோட முடிஞ்சது. உடைஞ்சதை மாத்த வழியில்ல, ஏன்னா டிஸ்க் எல்லாம் ஏற்கெனவே வீடுகள்ல இருக்கு.

அந்த அடியை மனசுல வெச்சுத்தான் அடுத்த பூட்டைச் செஞ்சாங்க. டிஸ்னி, வார்னர், சோனி, தோஷிபா, மட்சுஷிடா (இப்போதைய பானசோனிக்), ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், எட்டுப் பேரும் சேர்ந்து செஞ்சது. பேரு ஏஏசிஎஸ். சாவி 128 பிட், யாராலயும் கணக்குப் போட்டு உடைக்க முடியாது. ஆனா இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் சாவியோட நீளம் இல்ல. "சாவி எப்படியும் ஒருநாள் வெளியே போகும்"னு முதல்லயே ஒத்துக்கிட்டு வடிவமைச்சாங்க. போனா அந்தச் சாவியை ரத்து பண்ணிடலாம். சரி, ரத்து உத்தரவை வீடு வீடா எப்படிக் கொண்டு போறது? நிறைய பிளேயர்ல நெட் கனெக்‌ஷனே கிடையாது. அதனால டிஸ்க்லயே அனுப்பினாங்க.

ஒவ்வொரு ப்ளூ-ரே டிஸ்க்லயும் மீடியா கீ பிளாக்னு ஒரு கோப்பு இருக்கு. பிளேயர் தன்கிட்ட இருக்கிற சாவிகளை இதோட சேர்த்துக் கணக்குப் போட்டாத்தான் படத்தோட பூட்டைத் திறக்கிற வழி கிடைக்கும். ஒரு பிளேயர் சாவியை ரத்து பண்ணிட்டா, அடுத்து அச்சாகிற டிஸ்க்குகள்ல அந்தச் சாவிக்கு விடை வராத மாதிரி கோப்பைத் தயாரிப்பாங்க. பழைய டிஸ்க்குகள் பாட்டுக்கு ஓடும். இதுவரை நியாயமாத்தான் தெரியுது, இல்லையா?

என்னை மாட்டிவிட்டது ரெண்டாவது விஷயம். அதே கோப்புக்குள்ள ஒரு கறுப்புப் பட்டியலும் இருக்கு. கம்ப்யூட்டர்ல ட்ரைவ் வேற, பிளேயர் மென்பொருள் வேற. மென்பொருள் தன்னோட சான்றிதழைக் காட்டணும். ட்ரைவ் அதைச் சரிபார்த்த பிறகுதான் டிஸ்க்ல மறைவா இருக்கிற அடையாள எண்ணைக் கொடுக்கும். அந்த எண் இல்லாம படத்தைத் திறக்க முடியாது. ட்ரைவை அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்னு வெச்சுக்கங்க. "இவங்களை உள்ள விடாதே"ன்னு ஒரு லிஸ்ட் அவர்கிட்ட இருக்கும். புது டிஸ்க் போடுறப்பல்லாம் அதுல இருக்கிற லிஸ்ட் தன்கிட்ட இருக்கிறதைவிடப் புதுசான்னு பார்ப்பார். புதுசுன்னா, கையெழுத்தைச் சரிபார்த்துட்டுத் தனக்குள்ள நிரந்தரமா எழுதி வெச்சுக்குவார். அப்புறம் பழைய டிஸ்க்கைப் போட்டாலும் புது லிஸ்ட்தான் செல்லும். திரும்பிப் போறது கிடையாது. நான் விண்டோஸைப் புதுசா போட்டு என்ன பிரயோஜனம்? நினைவு இருக்கிறது ட்ரைவுக்குள்ள.

(ட்ரைவுக்கு இப்படி நினைவு இருக்கிறது புதுசு இல்ல. சிங்கப்பூர்ல இருந்து மாமா கொண்டுவந்த டிவிடி ரீஜியன் 3, நம்மளுது ரீஜியன் 5. கம்ப்யூட்டர் ட்ரைவ்ல ரீஜியனை அஞ்சு தடவைதான் மாத்தலாம். அதுக்கப்புறம் கடைசியா வெச்சதுலயே நின்னுடும்.)

இவ்வளவு செஞ்சும் பூட்டு நின்னுச்சா? 2006 டிசம்பர்லயே டூம்9ங்கிற இணையக் குழுவுல ஒருத்தர் படச் சாவிகளை எடுக்கலாம்னு காட்டிட்டார். சாவி இருந்தது பிளேயர் மென்பொருளோட மெமரியில. படத்தை ஓட்டணும்னா சாவி எங்கயாவது வெளியே வந்துதானே ஆகணும். 2007 பிப்ரவரியில அப்போதைய டிஸ்க்குகளையெல்லாம் திறக்கிற ஒரே எண் கிடைச்சுது. 09, எஃப்9னு ஆரம்பிக்கிற எண். ஏப்ரல்ல ரத்து நடவடிக்கை வந்துச்சு, வின்டிவிடி பிளேயரை எல்லாரும் அப்டேட் பண்ண வேண்டியதாச்சு. அந்த எண்ணை நீக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வேற. மே 1-ம் தேதி டிக் இணையதளம் அதை நீக்கப் போய், ஆத்திரப்பட்ட பயனர்கள் முகப்புப் பக்கம் முழுக்க அதே எண்ணைப் போட்டாங்க. சில பேர் டி-ஷர்ட்ல அச்சடிச்சாங்க. இதுல உச்சம் என்னன்னா, ரத்து பண்ணினதுக்கு அப்புறம் வந்த புதுக் கோப்பையும், அந்த டிஸ்க்குகள் அதிகாரப்பூர்வமா கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே மே மாசத்துல உடைச்சுட்டாங்க.

காப்பி அடிக்கிறவங்களை இது கொஞ்ச நாள் தாமதப்படுத்துச்சுன்னு வேணா சொல்லலாம். ஆனா டவுன்லோட் பண்ணிப் பார்க்கிறவன் கம்ப்யூட்டருக்கு எந்த ரத்துப் பட்டியலும் வராது. டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கினவன் வீட்டுக்குத்தான் அது வருது. எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்துலதான். பன்னிரண்டு டிஸ்க்கும் ஒரிஜினல்ங்க!

4கே ப்ளூ-ரேல கதை இன்னும் மோசம். கம்ப்யூட்டர்ல அதை அதிகாரப்பூர்வமா ஓட்ட இன்டெல் பிராசசருக்குள்ள இருக்கிற எஸ்ஜிஎக்ஸ்ங்கிற பாதுகாப்பு வசதி வேணும்னு விதி வெச்சாங்க. 2021-ல வந்த 11-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்ல இன்டெல் அந்த வசதியையே எடுத்துருச்சு. புது கம்ப்யூட்டர் வாங்கினா பழைய கம்ப்யூட்டர்ல ஓடின டிஸ்க் ஓடாது.

என் கதைக்கு வர்றேன். கடைசியில வேற ஒரு பிளேயர் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கினேன். வாட்ச்மேன் உள்ள விட்டுட்டார், பன்னிரண்டும் ஓடுது. ஃப்ரெண்டோட டிஸ்க்கும் ஓடிச்சு, படம் சுமார்தான். இப்பல்லாம் யாராவது டிஸ்க் கொண்டுவந்தா முதல்ல கவரைத் திருப்பி எந்த வருஷம்னு பார்க்கிறேன். புதுசா இருந்தா, "மச்சி, உன் வீட்லயே பார்ப்போமே"ன்னு சொல்லிடறேன்.