கம்ப்யூட்டருக்கு எந்த மூளை வாங்குவது?

விளையாட்டுக்கு ஒன்று! விஞ்ஞானத்துக்கு வேறு ஒன்று!

கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறு தகடு இருக்கிறது. ஏறக்குறைய தீப்பெட்டி அளவுதான். அதற்கு "பிராசசர்" என்று பெயர். கம்ப்யூட்டரின் மூளை அதுதான்.

தகடு சிறியது. விலை சிறியது அல்ல! 2022-ம் ஆண்டில் ஏ.எம்.டி. என்ற அமெரிக்கக் கம்பெனி "ரைசன் 7950 எக்ஸ்" என்ற பிராசசரை வெளியிட்டது. விலை 699 டாலர்.

அடுத்த ஆண்டு, அதாவது 2023-ல், அதே கம்பெனி "ரைசன் 7800 எக்ஸ் 3 டி" என்று இன்னொன்றை வெளியிட்டது. இதன் விலை 449 டாலர்தான். ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில், விலை கூடிய மூளையை இந்த மலிவு மூளை முந்திவிட்டது!

அப்படியானால் 699 டாலர் கொடுத்தவர்கள் எல்லாம் ஏமாந்தவர்களா?

இல்லை. அது வேறு வேலைக்குப் பிறந்த மூளை.

வீட்டில் இருந்தே விஞ்ஞானம்

பிள்ளைகள் கம்ப்யூட்டரில் விளையாடுவது எல்லோருக்கும் தெரியும். அதே கம்ப்யூட்டர் விஞ்ஞானிகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது பலருக்குத் தெரியாது.

விஞ்ஞானிகளிடம் கணக்கு மலை போல் குவிந்து கிடக்கிறது. ஒரே கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் ஒருவருடைய ஆயுள் காலத்தில் முடியாது. ஆகவே கணக்கைத் துண்டு துண்டாக்கி, இன்டர்நெட் மூலம் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். முன்வந்து பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான். வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் கணக்கைப் போடும். விடையைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளும். கூலி கிடையாது.

வேறு உலகங்களில் அறிவுள்ள உயிர்கள் உண்டா? இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவில் உள்ள பெர்க்கிலி பல்கலைக்கழகம் 1999-ம் ஆண்டு மே 17-ந் தேதி இப்படி ஒரு கூட்டுக் கணக்கைத் தொடங்கியது. 50 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 2020 மார்ச் 31-ந் தேதியோடு புதுக் கணக்கு அனுப்புவது நின்றது. வேற்று உலகத்தார் அகப்படவில்லை!

ஆனால் வேறு ஒன்று அகப்பட்டது. "ஐன்ஸ்டைன் அட் ஹோம்" என்ற இன்னொரு கூட்டுக் கணக்கில், 2010-ம் ஆண்டில் ஒரு புதிய நட்சத்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. விளக்குக் கூண்டு போலச் சுழன்று சுழன்று துடிக்கும் நட்சத்திரம் அது. கண்டுபிடித்தவை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த சாதாரணக் கம்ப்யூட்டர்கள்!

நோய் ஆராய்ச்சியும் இப்படி நடக்கிறது. உடம்பில் உள்ள புரோட்டீன் எப்படி மடிகிறது என்று பார்க்க, 2000-ம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் "போல்டிங் அட் ஹோம்" தொடங்கியது. 2020-ல் கொரோனா பரவியபோது, வீட்டில் அடைந்து கிடந்த மக்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இதில் சேர்த்தார்கள். எல்லாம் சேர்ந்து, அன்று உலகத்தில் இருந்த மிகப் பெரிய கம்ப்யூட்டரின் வேகத்தையே மிஞ்சிவிட்டன.

கல்யாணச் சமையல்

இனி மூளைக்கு வருவோம்.

ஒரு பிராசசருக்குள் பல சிறு மூளைகள் உண்டு. அவற்றுக்கு "கோர்" என்று பெயர். ஒரு கோர், ஒரு ஆள் மாதிரி.

கல்யாண வீட்டில் ஒரு மூட்டை வெங்காயம் நறுக்க வேண்டும். 8 பேர் நறுக்குவதைவிட 16 பேர் நறுக்கினால் சீக்கிரம் முடியும். ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிடலாம். விஞ்ஞானக் கணக்கு இப்படிப்பட்டது.

சாம்பாருக்குத் தாளிப்பது அப்படியா? 16 பேர் கரண்டியோடு நின்றால் என்ன ஆகும்? தாளிக்க ஒரு கைதேர்ந்த ஆள் போதும். எண்ணெய் காய்ந்த பிறகு கடுகைத் தேடிக்கொண்டு கடைக்கு ஓடக்கூடாது. அஞ்சறைப் பெட்டி பக்கத்திலேயே இருக்க வேண்டும். விளையாட்டு இந்த ரகம். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது.

பிராசசருக்கும் அஞ்சறைப் பெட்டி உண்டு! அதன் பெயர் "கேஷ்". அடிக்கடி தேவைப்படும் விவரங்களை அதில் வைத்துக்கொள்ளும்.

699 டாலர் மூளையில் 16 கோர்கள். பெரிய அஞ்சறைப் பெட்டி 64 மெகாபைட். அதுவும் இரண்டாகப் பிரிந்து இருக்கிறது. 449 டாலர் மூளையில் 8 கோர்கள்தான். ஆனால் 96 மெகாபைட் பெட்டி, ஒரே இடத்தில்! விளையாட்டில் அது முந்திய ரகசியம் இதுதான். வெங்காயம் நறுக்கும் போட்டி வைத்தால் 16 கோர்தான் ஜெயிக்கும்.

மின்சாரக் கணக்கு

பையன் இரண்டு மணி நேரம் விளையாடுவான். விஞ்ஞானக் கணக்கோ இரவு பகலாக ஓடும். இங்கேதான் குடும்பத் தலைவர் விழித்துக்கொள்ள வேண்டும்!

16 கோர் மூளை முழு மூச்சில் வேலை செய்தால் 230 வாட் வரை இழுக்கும். 24 மணி நேரமும் ஓடினால் நாள் ஒன்றுக்கு ஐந்தரை யூனிட். மாதம் 165 யூனிட்! இது மூளைக்கு மட்டும். அறையும் சூடேறும்.

இதற்கு ஒரு வழி உண்டு. அந்த மூளையைச் சிக்கன நிலையில் வைத்தால் 88 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். மாதம் 63 யூனிட் ஆகும். மின்சாரம் பாதிக்கு மேல் குறைகிறது; வேலை அந்த அளவு குறைவது இல்லை. இரவு பகலாகக் கணக்குப் போடுகிறவர்கள் இப்படிச் செய்வதே புத்திசாலித்தனம்.

சிலர் பிராசசரை அதற்கு விதித்த வேகத்துக்கு மேல் விரட்டுவார்கள். விளையாட்டில் பிசகினால் படம் ஒரு தடவை துள்ளும். விஞ்ஞானத்தில் பிசகினால் விடை தவறு. அதனால் பல கூட்டுக் கணக்குகளில் ஒரே துண்டை இரண்டு வீடுகளுக்கு அனுப்பி ஒத்துப் பார்க்கிறார்கள். விரட்டாத பிராசசரும் தவறலாம்! 1994-ல் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் தம் கணக்கு உதைக்கிறதே என்று தேடினார். இன்டெல் கம்பெனியின் "பென்டியம்" பிராசசர் வகுத்தல் கணக்கில் தவறு செய்வது தெரிந்தது. அந்த பிராசசர்களை மாற்றிக் கொடுக்கவும் மற்றச் செலவுக்கும் கம்பெனி 47½ கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது!

வாங்கும் முன்

முக்கியமாக விளையாட்டுக்கு என்றால் 8 கோர் போதும். கேஷ் பெரிதாக இருக்கட்டும். மிச்சப் பணத்தைப் படம் காட்டும் "கிராபிக்ஸ் கார்டு" வாங்கச் செலவிடலாம். விளையாட்டு அழகாகத் தெரிவது அதனால்தான். "போல்டிங் அட் ஹோம்" கணக்கையும் அந்தக் கார்டு வெகு வேகமாகப் போடும்.

"ரொசெட்டா அட் ஹோம்" போன்றவை பிராசசரையே நம்பி இருப்பவை. அவற்றில் சேருகிறவர்களுக்கு 12 அல்லது 16 கோர் பயன்படும். எந்தக் கூட்டுக் கணக்கில் சேருவது என்று முதலில் முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது.

கடையில் இரண்டு விஷயங்களைக் கேட்க மறக்கக்கூடாது. எல்லா பிராசசரும் எல்லா "மதர்போர்டு" பலகையிலும் பொருந்தாது. இங்கே சொன்ன இரண்டு மூளைகளின் பெட்டியிலும் விசிறி வராது. அதைத் தனியாக வாங்க வேண்டும்.