600 குதிரைத்திறன் இருக்கிறது, கை நுழைய இடமில்லை

உள்ளங்கையில் அடங்கும் ரப்பர் சக்கரம் அது. சுற்றிலும் பூவிதழ் போல ஐந்தாறு இதழ்கள். மோட்டார் படகின் எஞ்சின் சூடேறாமல் இருக்க வெளியிலிருந்து தண்ணீரை உறிஞ்சித் தருவது இதுதான். இம்பெல்லர் என்பார்கள். தண்ணீரில்லாமல் சிறிது நேரம் ஓடினாலே இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும். ஒழுங்காக ஓடினாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். விலை பெரிதில்லை. ஆனால், எஞ்சினைப் படகுக்கு உள்ளேயே பொருத்தியிருக்கும் சில மாடல்களில் அந்தச் சக்கரத்தைத் தொட வேண்டுமானால் தலைகீழாகத் தொங்க வேண்டும். வயிறு எஞ்சின் அறை விளிம்பில் அழுந்தும், கால்கள் வானத்தைப் பார்க்கும், ஒரு கை எஞ்சினுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும். மூடியில் இருக்கும் போல்ட்டுகளில் ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் தேட வேண்டும். அது கழன்று, படகின் அடிவயிற்றில் தேங்கிக் கிடக்கும் எண்ணெய்த் தண்ணீரில் விழும் சத்தம் படகுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

புது மாடலில் என்ன வேண்டும் என்று அமெரிக்காவில் சொந்தப் படகு வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். வேகத்தைப் பற்றியும் பேசுவார், மறுப்பதற்கில்லை. ஆனால் பேச்சு சூடுபிடிப்பது இந்த இடத்தில்தான்: "கை நுழைய ஒரு திறப்பு வைக்கக் கூடாதா?"

நம் ஊரில் விசைப்படகு என்றால் இழுவலை போடும் மீன்பிடிப் படகு. இங்கே பேசுவது ஏரியில் சுற்றவும், தூண்டில் போடவும், பிள்ளைகளைக் கயிற்றில் கட்டிய மிதவையில் இழுக்கவும் வாங்கும் உல்லாசப் படகைப் பற்றி. அமெரிக்காவில் பதிவான படகுகள் சுமார் 1 கோடியே 15 லட்சம். பெரும்பாலானவை 26 அடிக்குள் அடங்குபவை. கோடீஸ்வரர்களின் மிதக்கும் மாளிகைகள் இதில் ஒரு துளி. மற்றபடி, வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலையில் காருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டுகிறவர்களின் உலகம் இது. படகு வாங்கிய நாளும் விற்ற நாளும்தான் வாழ்க்கையில் சந்தோஷமான நாட்கள் என்று அவர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள்.

கம்பெனிகளின் கவனம் வேறு பக்கம். 1909இல் ஓலி எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்த, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினின் சக்தி ஒன்றரைக் குதிரைத்திறன். 2021 பிப்ரவரியில் மெர்குரி நிறுவனம் அறிமுகப்படுத்திய அவுட்போர்டில் 12 சிலிண்டர், 7.6 லிட்டர், 600 குதிரைத்திறன். எடை அரை டன்னுக்கு மேல். மேலே எஞ்சின் அசையாமல் நிற்க, தண்ணீருக்குள் இருக்கும் கீழ்ப்பகுதி மட்டும் திரும்பும். அதனால் பல எஞ்சின்களை நெருக்கமாக வரிசைகட்டி மாட்டலாம், மாட்டுகிறார்கள். பொறியியலாகப் பார்த்தால் அசத்தல்தான். (அந்த எவின்ரூட் பெயரில் வந்த எஞ்சின்களின் தயாரிப்பு 2020இல் நின்றுபோனது.)

எரிபொருள் கணக்குக்குப் படகுக்காரர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. முழு வேகத்தில், குதிரைத்திறனைப் பத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கேலன் பெட்ரோல் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். 300 குதிரைத்திறனுக்கு 30 கேலன், அதாவது 110 லிட்டருக்கு மேல். எந்நேரமும் முழு வேகத்தில் யாரும் ஓட்டுவதில்லை. ஆனாலும் அதிக சக்தி கேட்கிற அதே மனிதர் சிக்கனமும் கேட்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். இந்த ஆசைப் பட்டியலில் ஒன்றுக்கொன்று மல்லுக்கட்டாத வரிகள் குறைவு.

படகின் அடிப்பாகத்தையே எடுத்துக்கொள்வோம். அலையில் தூக்கிப் போடாமல் போக வேண்டும் என்பது எல்லோருடைய ஆசை. இதற்கு விடை 1960இலேயே கிடைத்துவிட்டது. ரே ஹன்ட் வடிவமைத்த, கூரிய 'வி' வடிவ அடிப்பாகம் கொண்ட 'மொப்பி' என்ற படகு, மயாமியிலிருந்து நசாவ் வரை நடந்த போட்டியில் முரட்டுக் கடலைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தது. தட்டையான அடிப்பாகம் அலையை அறையும். கூரிய அடிப்பாகம் வெட்டிக்கொண்டு போகும். ஆனால் அதே படகை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டால், தொட்டில் போலப் பக்கவாட்டில் ஆடும். ஓடும்போது மெத்தென்று இருக்கிற படகு, நிற்கும்போது குமட்டலைத் தருகிறது.

இதற்கு இரண்டு வைத்தியங்கள் சந்தைக்கு வந்திருக்கின்றன. ஒன்று, காற்றை வெளியேற்றிய உருண்டைக்குள் கனமான சக்கரத்தை அதிவேகமாகச் சுழலவிட்டு ஆட்டத்தை அடக்கும் கைரோ. சீகீப்பர் நிறுவனம் இதைப் பெரிய படகுகளில் தொடங்கி, 2020இல் 23 அடிப் படகு வரைக்கும் இறக்கிவிட்டது. வேலை செய்கிறது; ஆனால் விலையும் எடையும் உண்டு, மின்சாரமும் தின்னும். இன்னொன்று, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான். பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அவர்களுடையது இரண்டு உடல்களின் மேல் ஒரு தளம். நிற்கும்போது அசையாது. அதற்கும் ஒரு குணம் இருக்கிறது: இரண்டு உடல்களுக்கு நடுவே அடைபட்ட காற்றும் நீரும் முன்பக்கமாகப் பீறிட்டு, இருப்பவர் முகத்தில் தெறிக்கும். அதைத் 'தும்மல்' என்கிறார்கள்.

மழுப்பலே இல்லாத ஆசை ஒன்று உண்டு: படகில் மரம் வேண்டாம். கண்ணாடியிழைப் படகு என்று நம்பி வாங்குகிறோம். ஆனால் எஞ்சினைத் தாங்கும் பின்சுவருக்கும் தரைக்கும் உள்ளே பிளைவுட் வைத்து மூடிய படகுகள் ஏராளம். யாரோ ஒரு திருகாணியைச் சரியாக அடைக்காமல் விட்டிருப்பார்கள். அந்தத் துளை வழியே நீர் இறங்கும். பத்து வருடம் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் எஞ்சினைப் பிடித்து அசைத்தால் பின்சுவரே சேர்ந்து அசையும். மரமில்லாத கலவைப் பொருளால் கட்டுவது இப்போது பெருகியிருக்கிறது. வாங்குபவர்கள் விடாமல் கேட்டதன் பலனும் அதில் இருக்கிறது.

எரிபொருள் இன்னொரு தலைவலி. அமெரிக்க பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கும். (இந்தியாவில் இப்போது 20 சதவீதம்.) எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். வாரக்கணக்கில் சும்மா நிற்கும் படகின் தொட்டிக்குள் ஈரம் மிகுந்தால், எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் போய் உட்காரும். எஞ்சின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். 15 சதவீதக் கலவையைப் படகு எஞ்சினில் ஊற்ற அங்கே சட்டமே தடை போடுகிறது. வடிகட்டியைத் தொட்டிக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும்படி வை என்ற கோரிக்கைக்குப் பின்னால் இத்தனை வேதியியல் இருக்கிறது.

மின்சாரப் படகுக்கு ஏன் மாறவில்லை? தண்ணீர், தார்ச்சாலை போல விட்டுக்கொடுப்பதில்லை. வேகமாகப் போகும் படகு விடாமல் மலையேறுகிற கார் மாதிரி. ஸ்வீடனின் கேண்டெலா சி-8 படகில் 69 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி இருக்கிறது. எட்டு லிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றல்கூட இல்லை. மின்மோட்டார் ஆற்றலை அதிகம் வீணாக்காது என்பதைச் சேர்த்தாலும் இருபது, இருபத்தைந்து லிட்டர் பெட்ரோலுக்குச் சமம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டே 22 நாட் வேகத்தில் 57 கடல்மைல் போகும் என்கிறார்கள். காரணம், அடியில் இருக்கும் இறக்கைகள் படகின் உடலையே தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகின்றன. கெட்டிக்காரத்தனம்தான். சாதாரணக் குடும்பப் படகுக்கு அந்த வித்தை வந்து சேரும் வரை, மின்சாரம் சின்ன ஏரிக்கும் மெதுவான உலாவுக்கும்தான் பொருந்தும்.

திரை விஷயத்தில் நான் படகுக்காரர்கள் பக்கம். புது மாடல்களில் விளக்கு, பம்பு, பாட்டு எல்லாம் தொடுதிரைக்குள் போய்விட்டன. நிறுத்தி வைத்திருக்கும்போது பார்க்க அழகு. அலையில் குதிக்கும்போது விரல் ஒரு இடத்தைக் குறிவைக்கும், இன்னொரு இடத்தைத் தொடும். திரையில் தெறித்த உப்புத்தண்ணீரையும் விரல் என்றே அது எடுத்துக்கொள்ளும். இதைப் பழமைவாதிகளின் முணுமுணுப்பு என்று தள்ளிவிட முடியாது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். தொடுதிரைக் கட்டுப்பாட்டில் ஏற்பட்ட குழப்பமும் காரணங்களில் ஒன்று என்று விசாரணை சொன்னது. அதன்பின் அந்த வகைப் போர்க்கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டை மறுபடி கையால் தள்ளும் நெம்புகோலுக்கே மாற்றப்போவதாகக் கடற்படை 2019இல் அறிவித்தது. தண்ணீர் வெளியேற்றும் பம்புக்கு மட்டுமாவது ஒரு சாதா சுவிட்ச் கொடு என்று 22 அடிப் படகுக்காரர் கேட்பதில் என்ன தப்பு?

மிதக்கும் தன்மை பற்றியும் ஒரு கோரிக்கை இருக்கிறது. 20 அடிக்குட்பட்ட அவுட்போர்டு படகுகள், நீர் நிரம்பினாலும் கவிழாமல் மட்டமாக மிதக்கும்படி கட்டப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. 21 அடி ஆகிவிட்டால் அந்த விதி இல்லை. பாஸ்டன் வேலர் நிறுவனத்தைத் தொடங்கிய டிக் ஃபிஷர், 1961இல் லைஃப் இதழின் புகைப்படக்காரருக்கு முன்னால் தன் படகை நடுவில் ரம்பத்தால் அறுக்கவைத்து, எஞ்சின் இருந்த பாதியை ஓட்டிக்கொண்டே போய்க் காட்டினார். உள்ளே நுரை நிரப்பினால் போதும். அறுபது வருடத்துக்கு முன்பே ஊரறியச் செய்துகாட்டிய ஒன்றைப் பெரிய படகுகளுக்கும் கேட்கிறார்கள்.

ஏணி, நிழற்கூரை, ஈரத்துண்டு மாட்ட ஒரு கொக்கி என்று இன்னும் நீளும். ஏணி சின்ன விஷயமில்லை. தண்ணீரில் விழுந்தவர் கீழிருந்தே கையால் இழுத்து இறக்க முடியாத ஏணி இருந்தும் பயனில்லை. ஓட்டுகிறவரே விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆளில்லாத படகு நேராகப் போகாது. வட்டமடித்து, விழுந்தவரை நோக்கியே திரும்பி வரக்கூடும், சுழலும் புரொப்பல்லரோடு. அதனால்தான் ஓட்டுகிறவர் விழுந்தவுடன் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச். அது பொருத்திய 26 அடிக்குட்பட்ட படகுகளை வேகமாக ஓட்டும்போது அதன் கயிற்றை உடம்பில் மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் அங்கே சட்டம். கயிறு இடைஞ்சலாக இருக்கிறது, கம்பியில்லாப் பட்டையைப் படகோடு சேர்த்தே கொடுங்கள் என்பது இப்போதைய கோரிக்கை. நியாயமானது.

லைஃப் ஜாக்கெட் வைக்கும் இடமும் அப்படித்தான். ஆளுக்கொன்று படகில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். இருக்கிறது, நங்கூரக் கயிற்றுக்கும் குளிர்பெட்டிக்கும் அடியில், இருக்கைக்குக் கீழே. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2023இல் உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் நான்கில் மூன்று, மூழ்கியதால் நேர்ந்தவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.